மலைப்பாதைக்குப் போகும் வண்டியில் என்னென்ன சாமான் வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் தேனிப் பக்கம். ஏலத்தோட்டங்களுக்குப் போகும் ஜீப் பாதைகளில் பத்து வருடத்துக்கு மேலாக வண்டி ஓட்டுகிறேன். தார், ஜிம்னி என்று நான்கு சக்கரமும் இழுக்கும் ஃபோர் வீல் வண்டி புதிதாக எடுத்தவர்கள் முதல் பயணத்துக்கு முன்னால் என்னிடம் கேட்பதெல்லாம் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவர்களுக்குத் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒன்றாக எழுதியிருக்கிறேன்.

முதல் பயணத்துக்கே எல்லாவற்றையும் வாங்கிவிட வேண்டுமா?

வேண்டாம். எதற்கு அடுத்து எது என்று தெரிந்தால் போதும். முதலில் காற்றுக்கு வேண்டியது, அடுத்து இழுப்பதற்கு, அப்புறம் தூக்குவதற்கு, கடைசியில் கழற்றி மாட்டுவதற்கு. இந்த வரிசையில் வாங்குங்கள்.

காரணம் இருக்கிறது. இத்தனை வருடத்தில் இன்ஜின் கோளாறால் பாதையில் நின்றுபோன வண்டிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். டயரால் நின்றதும், சேற்றிலோ மணலிலோ புதைந்து நின்றதும்தான் மற்றதெல்லாம். ஆனால் புதிதாக வருகிறவர்கள் நூறு சாமான் உள்ள பெரிய பாக்ஸ் ஸ்பேனர் செட்டைத்தான் முதலில் வாங்குகிறார்கள். வண்டி முன்னால் மாட்டி, வடத்தைச் சுற்றி இழுக்கும் வின்ச் என்ன விலை என்று விசாரிக்கிறார்கள். வண்டியில் காற்று அளக்கும் கேஜ் இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்கிறார்கள். கேஜ், கம்ப்ரசர், பஞ்சர் கிட் மூன்றையும் முதலில் வாங்குங்கள். மற்றவற்றை மாதம் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

கம்பெனி கொடுத்த ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் போதாதா?

தார் ரோட்டுக்குப் போதும். சரிவும் ஈரமண்ணும் வந்தால் போதாது.

சில வருடம் முன்னால் கோடைமழைக்கு மறுநாள், நண்பர் ஒருவருடைய வண்டிக்குக் குரங்கணிக்கு மேலே ஒரு எஸ்டேட் பாதையில் டயர் கிழிந்தது. ஸ்டெப்னி இருந்தது, ஜாக்கி இருந்தது, நட்டு மட்டும் கழறவில்லை. ஊரில் டயர் மாற்றிய கடையில் ஏர் கன் வைத்து அவ்வளவு இறுக்கமாக முறுக்கியிருந்தார்கள். வீல் ஸ்பேனர் மேல் ஏறி நின்று மிதித்தோம். ஸ்பேனர் வளைந்ததே தவிர நட்டு அசையவில்லை. தோட்டத்துக்குத் தண்ணீர் விடப் போட்டிருந்த லைனில் மிச்சமாகக் கிடந்த ஒரு இரும்பு பைப்பை வேலையாள் ஒருவர் எடுத்துவந்து கொடுத்தார். அதைக் கைப்பிடியில் செருகி அழுத்தியதும் முதல் நட்டு ‘கிறீச்’ என்று கத்திக்கொண்டு விட்டுக்கொடுத்தது. அதற்குள் ஒன்றரை மணி நேரம் போய்விட்டது, மலைமேல் மறுபடியும் மேகம் இறங்கிவிட்டது. அன்றிலிருந்து இரண்டடி நீள பைப் ஒன்று என் வண்டியில் எப்போதும் இருக்கும்.

எனவே இந்த ஞாயிற்றுக்கிழமையே வீட்டு வாசலில் வைத்து ஒரு சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். நட்டு கழறுகிறதா, ஜாக்கி முழுக்க ஏறுகிறதா, ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா, அலாய் வீலுக்கு லாக் நட்டு இருந்தால் அதன் சாவி வண்டிக்குள்தான் கிடக்கிறதா என்பதெல்லாம் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு பலகையும் வேண்டும். ஓரடிக்கு ஓரடி, முக்கால் அங்குல பிளைவுட் போதும். அது இல்லையென்றால் ஈரமண்ணில் வண்டி ஏறாது, ஜாக்கிதான் இறங்கும். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப்பிலும் சீட்டுக்கு அடியில் இப்படி ஒரு கட்டை கறுத்துப்போய்க் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஜாக்கி போடும்போது எதில் கவனமாக இருக்க வேண்டும்?

தூக்கும் முன்பே நட்டுகளை அரைச்சுற்று தளர்த்திவிடுங்கள். எதிர்மூலைச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். கழற்றிய சக்கரத்தை வண்டிக்கு அடியில் படுக்கப் போடுங்கள், ஜாக்கி சரிந்தாலும் வண்டி அதன்மேல்தான் உட்காரும்.

பழைய ஜீப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அந்த வண்டிகள் பலவற்றில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இருக்காது, பின்பக்கம் போகும் ஷாஃப்டைத்தான் பிடிக்கும். ஒரு பின்சக்கரம் தரையை விட்டு எழுந்ததும், இரண்டு பின்சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக்கொடுக்கும் டிஃபரன்ஷியல் வழியாக அந்தப் பிடி போய்விடும், சரிவில் வண்டி நகர ஆரம்பித்துவிடும். அந்த வண்டிகளில் கல் வைக்காமல் ஜாக்கியைத் தொடவே கூடாது.

காற்றை எவ்வளவு குறைக்க வேண்டும்?

ரோட்டுக்கான அளவு ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும், பெரும்பாலும் 30 பி.எஸ்.ஐ.யை ஒட்டி. கல் துருத்திய எஸ்டேட் பாதையில் நான் 24, 25க்கு இறக்குவேன். சேறு என்றால் 20. ஆழமான மணல் என்றால் 16 முதல் 18. சாதாரண ரிம்மில் 15க்குக் கீழே போகாதீர்கள், திருப்பத்தில் டயரின் விளிம்பு ரிம்மை விட்டு நழுவிவிடும். காற்று இறக்கியபிறகு வேகமும் இறங்க வேண்டும். முப்பதைத் தாண்டாமல், ஸ்டியரிங்கைச் சட்டென்று ஒடிக்காமல் ஓட்டுங்கள்.

காற்று குறைந்தால் டயர் அகலமாவதைவிட நீளவாக்கில்தான் அதிகம் படியும். ஒட்டகத்தின் பாதம் மாதிரி மணலை அழுத்தாமல் அதன்மேல் பரந்து நிற்கும். கல்லிலும் விறைத்துக்கொண்டு மோதாமல் கல்லைச் சுற்றி அமுங்கிக்கொடுக்கும். நான்கு பேர் தள்ளியும் வராத வண்டி, காற்றைப் பாதியாக்கியதும் தானாக வெளியே வந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதனால் வண்டி புதைந்தால் கயிற்றைத் தேடுவதற்கு முன்னால் கேஜை எடுங்கள்.

கேஜ் முள் வைத்ததாகவும் இருக்கலாம், டிஜிட்டலாகவும் இருக்கலாம். எப்போதும் ஒரே கேஜாக இருப்பதுதான் முக்கியம். பெட்ரோல் பங்கில் ஒன்று காட்டும், கம்ப்ரசரில் ஒன்று காட்டும். உங்கள் கையிலிருப்பதை நம்பிப் பழகுங்கள்.

கம்ப்ரசர் எப்படிப்பட்டது வாங்குவது?

சிகரெட் லைட்டர் துளையில் செருகுவது, பேட்டரியில் நேரடியாகக் கவ்வுவது என்று இரண்டு வகை உண்டு. துளையில் செருகுவது சிறியது. அந்தத் துளைக்குப் பின்னால் இருக்கும் ஃபியூஸ் பல வண்டிகளில் 15 ஆம்பியர்தான், அதற்குமேல் இழுத்தால் போய்விடும். நாலு டயரையும் 18லிருந்து 30க்கு ஏற்ற வேண்டுமென்றால் அது திணறும், கொதிக்கும், நடுவில் நிறுத்தி ஆறவிட வேண்டிவரும். முடிந்தால் பேட்டரியில் கவ்வும் வகையை எடுங்கள். ஓயர் பின்சக்கரம் வரை எட்டுகிறதா என்று கடையிலேயே பாருங்கள். காற்று அடிக்கும்போது இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கட்டும்.

எனக்குப் பஞ்சர் போடத் தெரியாது. கிட் வாங்கி என்ன பயன்?

கற்றுக்கொள்ள ஒரு பழைய டயரும் ஒரு சாயங்காலமும் போதும். உங்கள் தெருமுனைப் பஞ்சர் கடையில் கேட்டால் தூக்கிப்போட்ட டியூப்லெஸ் டயர் ஒன்று தருவார்கள். ஆணி அடித்துப் பழகுங்கள்.

முறை இதுதான். ஆணியைப் பிடுங்கும் முன்பு அது எந்தச் சாய்வில் இறங்கியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். டயரில் கொஞ்சம் காற்று இருப்பது நல்லது, ரப்பர் விறைப்பாக நிற்கும். கட்டிங் பிளேயரால் ஆணியை இழுத்தவுடன் அரம் மாதிரி இருக்கும் கம்பியை அதே சாய்வில் இறக்கி, பத்துப் பன்னிரண்டு முறை ஏற்றி இறக்குங்கள். கைக்கு வலிக்கும், ஆனாலும் விடக்கூடாது. ஓட்டை ஒரே சீராகச் சொரசொரப்பானால்தான் அதை அடைக்கும் ரப்பர் ஸ்ட்ரிப் பிடிக்கும். ஸ்ட்ரிப்பை ஊசிக் காதில் நடுவில் கோத்து, சொல்யூஷன் தடவி, இரண்டு வால்களும் வெளியே ஒரு சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும்வரை குத்தி இறக்குங்கள். பிறகு ஒரே வெடுக்கில் ஊசியை உருவுங்கள். மெதுவாக உருவினால் ஸ்ட்ரிப்பும் கூடவே வந்துவிடும். வாலை வெட்டிவிட்டு, காற்று அடித்து, சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். குமிழ் வரவில்லையென்றால் கிளம்பலாம்.

கிட் வாங்கும்போது கைப்பிடியைப் பாருங்கள். பிளாஸ்டிக் பிடி வேண்டாம், தடித்த ஃபோர் வீல் டயரில் உடைந்து உள்ளங்கையைக் கிழிக்கும். இரும்புப் பிடி, ‘டி’ வடிவத்தில் இருக்கட்டும். டயரின் பக்கச்சுவர் கிழிந்தால் ஸ்ட்ரிப் நிற்காது, ஸ்டெப்னிதான் வழி.

இழுப்பதற்கு எந்தக் கயிறு?

இந்த ஒன்றில் தவறு செய்தால் உயிர் போகும். பொறுமையாகப் படியுங்கள்.

ரோட்டில் நின்றுபோன வண்டியைக் கட்டி இழுக்கும் டோ பெல்ட் அதிகம் நீளாது. சேற்றில் புதைந்த வண்டியை அதைக் கட்டி வெடுக்கென்று இழுத்தால், அந்த வெடுக்கு முழுவதும் கொக்கியில்தான் இறங்கும். புதைந்த வண்டிக்கு நைலானில் செய்த கைனடிக் கயிறு வேண்டும். அது சுமை ஏறும்போது ஏறக்குறைய 30 சதவீதம் வரை நீண்டு, ரப்பர் மாதிரி சுருங்கி, வண்டியை வெளியே எடுக்கும். சுமை ஏற்றிய ஜிம்னி ஒன்றரை டன்னை ஒட்டி வரும், தார் 2 டன்னைத் தாண்டும். அறுபடும் எடை வண்டியின் எடையைப்போல மூன்று நான்கு மடங்கு இருக்கும் கயிறாக எடுங்கள். மரத்தில் சுற்ற நீளாத அகலப் பட்டை தனியாக வேண்டும், கைனடிக் கயிற்றை மரத்தில் சுற்றக் கூடாது.

கயிற்றை வண்டியோடு சேர்க்க ஷாக்கிள் வேண்டும், அதாவது குறுக்கே பின் திருகும் ‘யூ’ வடிவ வளையம். 4.75 டன் என்று உடம்பிலேயே பொறித்த இரும்பு ஷாக்கிள் இரண்டு போதும். ஹார்டுவேர் கடையில் எடையெதுவும் பொறிக்காமல் தொங்கும் ஷாக்கிளை வாங்காதீர்கள். பின்னை முழுக்க முறுக்கிவிட்டுக் கால் சுற்று மட்டும் தளர்த்திவிடுங்கள், இல்லையென்றால் இழுத்தபிறகு கழறாது. கயிறு மாதிரி முடைந்த சாஃப்ட் ஷாக்கிள் இன்னும் நல்லது. அறுந்தாலும் இரும்புக் குண்டாகப் பறக்காது.

எங்கே மாட்டுவது? வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸோடு போல்ட் போட்ட கொக்கியில் மட்டும். பம்பரில் மூடியைத் திறந்து திருகும் வளையம் நேராக மெதுவாக இழுப்பதற்குத்தான், வெடுக்கென்று இழுப்பதற்கு இல்லை. டிரெய்லர் மாட்டும் உருண்டையில் கயிறு மாட்டவே மாட்டாதீர்கள். அது ஒடிந்தால் கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு உள்ளே வரும். ஆஸ்திரேலியாவில் இப்படி மனிதர்கள் இறந்திருக்கிறார்கள்.

இழுக்கும்போது கயிற்றின் நடுவில் ஈரச்சாக்கோ கனமான போர்வையோ போடுங்கள். ஓட்டுகிற இருவரைத் தவிர மற்றவர்கள் கயிற்றின் நீளத்தைப்போல ஒன்றரை மடங்கு தள்ளி நிற்க வேண்டும். செல்போனில் படம் பிடிக்கிறேன் என்று பக்கத்தில் வருகிறவர்களை முகம் பார்க்காமல் துரத்துங்கள். நான் அப்படித் துரத்தியதில் கோபித்துக்கொண்டவர்கள் உண்டு. கோபித்துக்கொள்ளட்டும்.

தனி வண்டியாகப் போனால்?

போகாதீர்கள். ஆரம்பத்தில் குறைந்தது இரண்டு வண்டி. என்ன கயிறு வைத்திருந்தாலும் இழுக்க ஆள் வேண்டுமே.

வின்ச் அவசியமா? ஆளுயர இரும்பு ஜாக்கி?

முதல் இரண்டு வருடத்துக்கு இரண்டும் வேண்டாம். அந்த உயர ஜாக்கியின் கைப்பிடி நழுவினால் தாடையில் அடிக்கும், பழகாத கைக்கு ஆகாது. அந்தப் பணத்தில் சக்கரத்துக்கு அடியில் செருகும் பிளாஸ்டிக் ரெக்கவரி போர்டு ஒரு ஜோடி வாங்குங்கள். கூடவே குட்டை மண்வெட்டி ஒன்று. மடக்கும் மண்வாரி பார்க்க அழகாக இருக்கும், களிமண்ணில் ஐந்தாவது வெட்டுக்கே ஆடத் தொடங்கும். நம்மூர்க் கொல்லர் அடித்த மண்வெட்டிக்குக் காம்பை மட்டும் அளவாக வெட்டிக்கொண்டால் அதைவிட நல்ல சாமான் கிடையாது. வண்டியின் அடிவயிறு மண்ணில் உட்கார்ந்துவிட்டால் முதலில் அங்கே இருக்கிற மண்ணை எடுங்கள். சக்கரத்துக்கு முன்னால் மட்டும் வெட்டிக்கொண்டிருந்தால் பலன் இல்லை.

ஸ்பேனர் என்னென்ன அளவு?

உங்கள் வண்டியைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மாருதி மாதிரி ஜப்பான் வழி வந்த வண்டிகளில் 10, 12, 14, 17 மி.மீ. அதிகம் வரும். மஹிந்திராவில் 10, 13, 17 என்று போகும். பேட்டரி முனை பெரும்பாலும் 10. நன்றாகத் தெரிந்த மெக்கானிக்கை சர்வீஸ் அன்று நச்சரித்து, எந்தெந்த இடத்துக்கு எந்த அளவு என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தாளில் உள்ளதை மட்டும் நல்ல தரத்தில் வாங்கினால், பெரிய பெட்டியின் பாதி எடைகூட வராது. ரிங் ஸ்பேனர் முதலில், ஓப்பன் ஸ்பேனர் அடுத்து. இவற்றோடு இரண்டு திருப்புளி, கட்டிங் பிளேயர், ஆலன் கீ செட், ஒரு கிலோ சுத்தியல்.

வழியில் ஒழுகினால், உடைந்தால்?

சின்ன டப்பா ஒன்றில் இவை இருக்கட்டும்: எம்சீல், கட்டுக்கம்பி, கேபிள் டை, இன்சுலேஷன் டேப், இரண்டு மூன்று அளவில் ஹோஸ் கிளிப், பழைய சைக்கிள் டியூப் ஒரு முழம், பார் சோப்பு.

சோப்பு கை கழுவுவதற்கு மட்டும் இல்லை. டீசல் டேங்கில் கல் பட்டு மயிரிழை விரிசல் விழுந்தால், வறண்ட சோப்பை அழுத்தித் தேய்த்து அடைத்தால் ஊர் வரும்வரை தாங்கும். லாரிக்காரர்கள் காலம்காலமாகச் செய்கிற வேலை. எம்சீலைப் பிசைந்து ஒட்டும் முன் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட வேண்டும், இல்லையென்றால் காய்ந்து அப்படியே பெயர்ந்துவிடும். ரேடியேட்டர் ஹோஸ் வெடித்தால் சைக்கிள் டியூபை அதன்மேல் சுற்றி இரண்டு பக்கமும் கிளிப் போட்டு, தண்ணீர் ஊற்றி மெதுவாக இறங்கலாம். இன்ஜின் நன்றாக ஆறும் முன் ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். கையில் துணி சுற்றிக்கொண்டாலும் வேண்டாம், கொதிநீர் முகத்துக்குத்தான் எழும்பும்.

கரண்ட் சம்பந்தமாக?

ஃபியூஸ் ஒவ்வொரு அளவிலும் இரண்டு. நிறத்தை வைத்தே அடையாளம் தெரியும்: 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. போன ஃபியூஸுக்குப் பதில் பெரியது போட்டால் ஓயர்தான் எரியும். ஜம்ப் கேபிள் தடித்ததாக இருக்கட்டும். சிவப்பு இரண்டு பிளஸ்ஸுக்கும், கறுப்பின் ஒரு முனை நல்ல பேட்டரியின் மைனஸுக்கும், கடைசி முனை செத்த வண்டியின் இன்ஜின் இரும்பில். செத்த பேட்டரியிலேயே மாட்டினால் பேட்டரிக்குப் பக்கத்திலேயே பொறி பறக்கும். மல்டிமீட்டர் இருந்தால் நிறுத்திய வண்டியில் 12.6 வோல்ட், ஓடும்போது 14ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். ஓடும்போதும் 12தான் காட்டுகிறதென்றால் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் வேலை செய்யவில்லை, விளக்கு, ஏசி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஊரைப் பார்த்துத் திரும்புங்கள். கைக்கு டார்ச் வேண்டாம், நெற்றியில் கட்டும் விளக்கு வாங்குங்கள்.

கிளை விழுந்து கிடந்தால் வெட்ட அரிவாள் வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். போலீஸ் நிறுத்தினாலும் வனத்துறைச் செக்போஸ்ட்டில் பார்த்தாலும் பதில் சொல்லி முடியாது. மரத்தில் சுற்றும் பட்டை இருக்கிறதே, கிளையை அதில் கட்டி இழுத்து ஓரம் போடுங்கள். தோட்டத்துக்காரர் அனுமதி உள்ள பாதை என்றால் மடக்கு ரம்பம் போதும்.

காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் வண்டி விடுவது குற்றம். திருச்செந்தூர்ப் பக்கத்துச் செம்மணல் தேரியைப் படத்தில் பார்த்துவிட்டு அங்கே ஓட்டலாமா என்று கேட்கிறார்கள். குதிரைமொழித் தேரி காப்புக்காடு, அங்கே போகாதீர்கள். மணலில் பழக வேண்டுமென்றால் உரிமையாளர் சம்மதத்தோடு பட்டா நிலத்தில் பழகுங்கள்.

இவ்வளவையும் எப்படி அடுக்குவது?

எதுவும் அசையக் கூடாது. குழியில் வண்டி எகிறும்போது பின்னால் கிடக்கும் ஷாக்கிள் தலைக்குப் பின்னால் பறந்து வரும். கனமானதைத் தரையில், பின்சீட்டை ஒட்டி வைத்து, பெல்ட் போட்டு வளையத்தில் கட்டுங்கள். கயிறும் ஷாக்கிளும் ஒரு பையில், காற்றுச் சாமான் ஒரு பையில், ஸ்பேனர்களைத் துணியில் சுருட்டி ஒரு கட்டாக. இரும்புப் பெட்டி வேண்டாம், கடகடக்கும், எடையும் கூடும். மண்வெட்டியையும் காற்றுப் பையையும் கதவைத் திறந்ததும் கை படும் இடத்தில் வையுங்கள். புதைந்த வண்டியில் எல்லாச் சாமானையும் சேற்றில் இறக்கிவைத்துவிட்டு அடியிலிருந்து மண்வெட்டியைத் தேடுவது பெரிய பாடு.

முதலுதவிப் பெட்டி, தீயணைப்பான், ஆளுக்கு நாலு லிட்டர் தண்ணீர், தார்ப்பாய் ஒன்று, தோல் கையுறை. இவை எப்போதும் வண்டியில் இருக்க வேண்டியவை. மலைக்குள் சிக்னல் இருக்காது. எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

எதில் பணம் மிச்சம் பிடிக்கலாம்?

சுத்தியல், பலகை, மண்வெட்டி, தார்ப்பாய், கம்பி எல்லாம் பழையது போதும். கயிறு, ஷாக்கிள், ஜாக்கி, கேஜ் நான்கிலும் பேரம் பேசாதீர்கள். யாரோ பயன்படுத்திய கைனடிக் கயிறு பாதி விலைக்கு வந்தாலும் வேண்டாம், அது எத்தனை முறை நீண்டிருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

திரும்பி வந்ததும் என்ன செய்ய வேண்டும்?

ரோட்டுக்கு ஏறியதுமே காற்றை ஏற்றிவிடுங்கள், வீட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று குறைந்த காற்றில் எண்பதில் ஓட்டினால் டயர் சூடாகி வெடிக்கும். சக்கரம் மாற்றியிருந்தால் ஐம்பது கிலோமீட்டருக்குள் நட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். கயிற்றை வெறும் தண்ணீரில் அலசி நிழலில் காயப்போடுங்கள், உள்ளே தங்கும் மணல் இழைகளை அறுக்கும். ஈரமான ஸ்பேனர்களில் எண்ணெய்த் துணியை ஓட்டுங்கள். பஞ்சர் கிட்டில் எத்தனை ஸ்ட்ரிப் மிச்சம் என்று எண்ணி வையுங்கள். சொல்யூஷன் டியூபை ஒருமுறை திறந்துவிட்டால் அடுத்த பயணத்துக்குள் காய்ந்துவிடும், அன்றைக்கே புதிது வாங்கிப் பையில் போட்டுவிடுங்கள்.